ஸ்கேன்எஃப்பில் அந்த & எதற்கு? கட்டம் போட்டுப் பாயின்டர் பழகுவோம்

போன மாதம் அக்கா மகள் வந்திருந்தாள். பொறியியல் முதலாமாண்டு படிக்கிறாள். சி மொழி லேப் நோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டாள்: "மாமா, மார்க்கை வாங்கும்போது ஸ்கேன்எஃப்ல & போடணும்கறாங்க. பேரை வாங்கும்போது போடக்கூடாதுங்கறாங்க. ஏன்னு கேட்டா மனப்பாடம் பண்ணிக்கோன்னு சொல்றாங்க."

ஸ்கேன்எஃப் என்பது விசைப்பலகையிலிருந்து மதிப்பை வாங்கித் தரும் சி ஃபங்ஷன். பாயின்டர் பாடம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. பாயின்டர் ஆறாவது அத்தியாயத்தில்தான் வரும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். உண்மையில் முதல் வாரத்திலேயே, முதல் ஸ்கேன்எஃப் எழுதிய அன்றே, அவள் முகவரியைக் கையில் எடுத்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டாள். அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. அன்று மாலை அவளோடு உட்கார்ந்து போட்ட படங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாறி, ஃபங்ஷன், அணி இந்த மூன்றும் உங்களுக்கு ஓரளவு தெரிந்திருந்தால் போதும். கணினியை இப்போதைக்கு மூடி வைத்துவிடலாம். பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்ட கட்டம் போட்ட நோட்டு ஒன்று, பென்சில், அழிப்பான் வேண்டும். நான் பார்த்தவரை, பாயின்டரில் தடுக்கி விழுகிறவர்கள் மந்தமானவர்கள் இல்லை. படம் வரையாமல் எல்லாவற்றையும் தலைக்குள்ளேயே வைத்துச் சமாளிக்கப் பார்க்கிறவர்கள்தான் விழுகிறார்கள். பத்து வருடமாக நிரல் எழுதும் வேலையில் இருக்கும் நானும் சிக்கலான இடம் வந்தால் பென்சிலைத்தான் தேடுகிறேன்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். நிரல் வரிகளையும் இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். இன்ட், வாய்டு, மேலாக் போன்ற சொற்களைக் கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். *, &, = போன்ற குறிகள் அப்படியேதான்.

முதலில் கட்டங்கள்

நோட்டில் ஒரு வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு பைட். முதல் கட்டத்துக்குக் கீழே சின்னதாக 1000 என்று எழுதுங்கள். அடுத்தது 1001, அதற்கடுத்தது 1002. கணினியின் நினைவகம் என்பது இப்படி எண் போட்ட கட்டங்களின் மிக நீண்ட வரிசை. அந்த எண்ணைத்தான் முகவரி என்கிறோம்.

இப்போது இந்த வரி:

இன்ட் மார்க் = 72;

இன்றைய கணினிகளில் ஓர் இன்ட்டுக்குப் பொதுவாக 4 பைட் வேண்டும். ஆகவே 1000 முதல் 1003 வரை நான்கு கட்டங்களைச் சேர்த்து ஒரு பெரிய பெட்டியாகக் கோடு போடுங்கள். பெட்டிக்கு மேலே "மார்க்" என்று பெயர் எழுதுங்கள். உள்ளே 72. கீழே 1000.

பெயர், மதிப்பு, முகவரி என்று ஒரு பெட்டிக்கு மூன்று இருக்கின்றன. இதுவரை நீங்கள் முதல் இரண்டோடு மட்டும் பழகியிருக்கிறீர்கள். பெயர் நமக்காக வைத்தது. கம்பைலர் வேலையை முடித்த பிறகு இயந்திரத்துக்கு "மார்க்" என்ற பெயரே தேவையில்லை, இடம் தெரிந்தால் போதும். நாம்தான் இத்தனை நாள் மூன்றாவதைப் பார்க்காமல் இருந்தோம்.

நிஜ நிரலில் முகவரியை அச்சிட்டுப் பார்த்தால் 1000 என்றெல்லாம் வராது, பெரிய எண்ணாக வரும். மறுபடி ஓட்டினால் வேறு எண் வரும். பாதுகாப்புக்காக இயங்குதளம் ஒவ்வொரு முறையும் இடத்தை வேண்டுமென்றே மாற்றிப்போடுகிறது. அந்த எண்ணை மனத்தில் வைக்கத் தேவையில்லை.

முகவரியைப் பெட்டிக்குள் போடுவது

இன்ட் *சு = &மார்க்;

நோட்டில் கொஞ்சம் தள்ளி 2000 என்ற இடத்தில் ஒரு பெட்டி வரையுங்கள். 64 பிட் கணினியில் முகவரிக்கு 8 பைட் வேண்டும், ஆகவே எட்டுக் கட்டம். மேலே "சு" என்று பெயர். உள்ளே என்ன எழுதுவீர்கள்? 72 இல்லை, 1000. &மார்க் என்றால் மார்க்கின் முகவரி. அந்தப் பெட்டியிலிருந்து "மார்க்" பெட்டிக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள்.

பாயின்டர் என்பது அவ்வளவுதான். உள்ளே இன்னொரு பெட்டியின் முகவரியை வைத்திருக்கும் ஒரு மாறி. அதுவும் ஒரு பெட்டி, அதற்கும் சொந்தமாக ஒரு முகவரி உண்டு, அதன் மதிப்பையும் மாற்றலாம்.

தமிழில் இதற்குச் சுட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இலக்கண வகுப்பில் அ, இ, உ மூன்றையும் சுட்டெழுத்து என்று படித்திருப்போம். "அந்த வீடு" என்று சொன்னால் "அ" வீடு ஆகிவிடாது, வீட்டைக் காட்டும், அவ்வளவுதான். வேறொன்றைக் காட்டினால் அதே "அ" வேறொன்றைக் குறிக்கும். பொருத்தமான பெயர்தான். ஆனால் மவுசையும் சுட்டி என்கிறோம், அதனால் இந்தக் கட்டுரையில் பாயின்டர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இன்னும் கண்ணில் படும்படி வேண்டுமென்றால், பெரிய கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே எண் போட்ட அறைகள் இருக்கும். செருப்பைக் கொடுத்தால் 47 என்று ஒரு டோக்கன் தருவார்கள். டோக்கன் செருப்பு இல்லை. பட்டுச் செருப்பாக இருந்தாலும் ரப்பர் செருப்பாக இருந்தாலும் டோக்கனின் அளவு ஒன்றுதான். அதே மாதிரி, சாதாரணக் கணினியில் ஒரு சின்ன எழுத்தைக் காட்டும் பாயின்டருக்கும் பல மாறிகளைச் சேர்த்துக் கட்டிய பெரிய ஸ்ட்ரக்சரைக் காட்டும் பாயின்டருக்கும் அதே 8 பைட்தான். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. செருப்பைத் திரும்ப வாங்கும்போது டோக்கனைப் பிடுங்கிக்கொள்வார்கள். சி மொழி பிடுங்காது. இதை ஞாபகம் வையுங்கள், பின்னால் வேண்டும்.

நட்சத்திரத்துக்கு இரண்டு வேலை

புதிதாகப் படிக்கிறவர்கள் குழம்புவதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. ஒரே * குறி இரண்டு இடத்தில் வருகிறது.

இன்ட் *சு = &மார்க்;
*சு = 80;

முதல் வரியில் அது அறிவிப்பு. "சு என்பது ஓர் இன்ட்டைக் காட்டும் பாயின்டர்" என்று கம்பைலருக்குச் சொல்கிறோம். எந்தப் பெட்டியையும் திறக்கவில்லை. 1000 என்ற முகவரி போய் உட்காருவது சு பெட்டிக்குள்.

இரண்டாம் வரியில் அது செயல். "சு பெட்டிக்குள் இருக்கும் முகவரிக்குப் போ, அங்கே இருப்பதைத் தொடு" என்று பொருள். விரலை சு மேல் வையுங்கள். உள்ளே 1000. அம்புக்குறி வழியாக விரலை 1000க்கு நகர்த்துங்கள். அங்கே இருக்கும் 72ஐ அழித்து 80 எழுதுங்கள். சு பெட்டிக்குள் இன்னும் 1000தான். மார்க் என்ற பெயரை எழுதாமலே மார்க்கை மாற்றிவிட்டோம்.

இந்த மொழியை 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி, அறிவிப்பு எழுதும் முறையும் பயன்படுத்தும் முறையும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று நினைத்தார். அதனால் முதல் வரியை "*சு என்று எழுதினால் ஓர் இன்ட் கிடைக்கும்" என்று படித்துப் பாருங்கள், இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இப்படிப் படித்தால் இன்னொரு பொறியும் தெரிந்துவிடும். இன்ட் *அ, ஆ; என்று எழுதினால் அ மட்டும்தான் பாயின்டர். ஆ வெறும் இன்ட். இரண்டுமே பாயின்டராக வேண்டுமென்றால் இரண்டுக்கும் * போட வேண்டும்.

அடுத்ததைக் கட்டாயம் வரைந்து பார்க்க வேண்டும். அ = 10 (முகவரி 1000), ஆ = 20 (முகவரி 1004). சு1 என்ற பாயின்டர் அ-வைக் காட்டுகிறது, சு2 ஆ-வைக் காட்டுகிறது. கீழே உள்ள இரண்டு வரிகளையும் தனித்தனிப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள்.

சு1 = சு2;

*சு1 = *சு2;

முதல் வரியில் சு2க்குள் இருக்கும் 1004 என்பது சு1க்குள் போகிறது. அம்புக்குறி நகர்கிறது. இப்போது இரண்டு அம்புகளும் ஆ-வைக் காட்டுகின்றன. அ இன்னும் 10தான், அதைக் காட்டத்தான் ஆளில்லை. இரண்டாம் வரியில் அம்புகள் அசையவில்லை. ஆ-வில் உள்ள 20 அ-வுக்குள் நகல் ஆகிறது, இரண்டு பெட்டியிலும் 20. அம்பு நகர்ந்ததா, பெட்டிக்குள் இருப்பது மாறியதா? இதைத் தயங்காமல் சொல்ல வரும்வரை அடுத்த பகுதிக்குப் போக வேண்டாம். அக்கா மகள் இங்கே அரை மணி நேரம் நின்றாள். அந்த அரை மணி நேரத்துக்குப் பிறகு அவளுக்கு எதுவும் பெரிதாகக் கடினமாக இல்லை.

எதற்கு இவ்வளவு பாடு

மார்க் என்ற பெயரையே எழுதிவிட்டுப் போகலாமே, சுற்றி வளைத்து எதற்கு? பெயர் எட்டாத இடம் ஒன்று இருக்கிறது. அது இன்னொரு ஃபங்ஷன்.

வாய்டு மாற்று(இன்ட் அ, இன்ட் ஆ)
{
    இன்ட் கை = அ;
    அ = ஆ;
    ஆ = கை;
}

மெயினில் இட = 5, வல = 9 வைத்துக்கொண்டு மாற்று(இட, வல); என்று அழைத்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. வரைந்து பாருங்கள். இட 1000இல், வல 1004இல். ஃபங்ஷனை அழைத்ததும் 2000இலும் 2004இலும் அ, ஆ என்று இரண்டு புதுப் பெட்டிகள் பிறக்கின்றன. 5, 9 இரண்டும் அங்கே நகல் ஆகின்றன. உள்ளே நடக்கும் மாற்றம் முழுவதும் அந்த நகல்களுக்குத்தான். ஃபங்ஷன் முடிந்ததும் அந்தப் பெட்டிகள் போய்விடும். இட, வல இரண்டும் இருந்தபடியே இருக்கும். சி மொழியில் ஃபங்ஷனுக்குப் போவது எப்போதும் மதிப்பின் நகல்தான். இதற்கு விலக்கே கிடையாது.

அப்படியென்றால் முகவரியின் நகலைக் கொடுத்துவிடலாம். முகவரியை எத்தனை நகல் எடுத்தாலும் அது காட்டும் வீடு ஒன்றுதானே.

வாய்டு மாற்று(இன்ட் *அ, இன்ட் *ஆ)
{
    இன்ட் கை = *அ;
    *அ = *ஆ;
    *ஆ = கை;
}

அழைப்பது: மாற்று(&இட, &வல);

மறுபடி பென்சில். இப்போது 2000இல் பிறக்கும் அ பெட்டிக்குள் 1000, 2008இல் பிறக்கும் ஆ பெட்டிக்குள் 1004. முதல் வரி: அ-வுக்குள் உள்ள 1000க்குப் போ, அங்கே 5, அதைக் கை என்ற பெட்டியில் வை. இரண்டாம் வரி: 1004க்குப் போ, 9ஐ எடு, 1000இல் எழுது. மூன்றாம் வரி: கையில் உள்ள 5ஐ 1004இல் எழுது. ஃபங்ஷன் முடிகிறது, 2000இலும் 2008இலும் இருந்த பெட்டிகள் போகின்றன. போகட்டும். 1000இல் 9, 1004இல் 5. வேலை முடிந்தது.

ஸ்கேன்எஃப்பின் கதையும் இதுதான். விசைப்பலகையிலிருந்து வாங்கிய எண்ணை உங்கள் பெட்டிக்குள் போடுவது அதன் வேலை. அதற்குப் பெட்டியின் இடம் தெரிய வேண்டும். வெறும் மார்க் என்று கொடுத்தால் போவது 72 என்ற நகல். & போட்டால் போவது 1000 என்ற முகவரி. & மறந்துபோனால் அது 72ஐயே முகவரி என்று நம்பி அங்கே எழுதப் போகும், இயங்குதளம் பெரும்பாலும் நிரலை அங்கேயே நிறுத்திவிடும். "செக்மென்டேஷன் ஃபால்ட்" என்று திரையில் வருவது அதுதான்.

கேள்வியில் பாதிக்கு விடை கிடைத்துவிட்டது. பெயருக்கு ஏன் & வேண்டாம் என்பது பாக்கி.

ஒன்று கூட்டினால் நான்கு

சு-வுக்குள் 1000 இருக்கிறது. சு + 1 எவ்வளவு? 1001 இல்லை, 1004. பாயின்டரோடு ஒன்றைக் கூட்டினால் அடுத்த பைட்டுக்குப் போவதில்லை, அதே வகையைச் சேர்ந்த அடுத்த பெட்டிக்குப் போகிறது. எட்டு பைட் எடுக்கும் டபுளாக இருந்தால் 1008. முகவரி எல்லாம் ஒரே அளவுதான் என்றாலும் இன்ட்டைக் காட்டும் பாயின்டர், டபுளைக் காட்டும் பாயின்டர் என்று வகை சொல்லச் சொல்வது இதனால்தான். எத்தனை கட்டம் தாண்ட வேண்டும், போன இடத்தில் எத்தனை கட்டத்தைச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது வகையைப் பார்த்துத்தான் கம்பைலருக்குத் தெரியும்.

இதற்குப் பின்னால் எனக்குப் பிடித்த ஒரு வரலாறு இருக்கிறது. சி-க்கு முன்னால் கென் தாம்சன் எழுதிய பி என்ற மொழி இருந்தது. அதில் வகை என்பதே கிடையாது, எல்லாமே ஒரே அளவு. பாயின்டர் என்பது அந்த வரிசையில் எத்தனையாவது என்ற எண், அவ்வளவுதான். 1970இல் பெல் ஆய்வகத்துக்கு பிடிபி-11 என்ற கணினி வந்தது. அதில் முகவரி பைட் கணக்கில் ஓடியது. பாயின்டரைத் தொடும் ஒவ்வொரு முறையும் "எத்தனையாவது" என்பதை "எத்தனையாவது பைட்" என்று பெருக்கி மாற்ற வேண்டியிருந்தது. வகைகளைக் கொண்ட மொழியாக சி பிறந்ததற்கு இந்தத் தொல்லையும் ஒரு காரணம். அந்தப் பெருக்கலை இன்று நமக்காகக் கம்பைலர் சத்தமில்லாமல் செய்துகொடுக்கிறது.

நம் ஊர்க் கல்லூரி லேப்களில் நெடுங்காலம் ஓடிய டர்போ சி-யில் இன்ட்டுக்கு 2 பைட்தான். பழைய புத்தகத்தில் முகவரிகள் இரண்டிரண்டாக ஏறினால் புத்தகம் தவறு என்று நினைக்க வேண்டாம். கணக்கு அதே கணக்குதான்.

இன்ட் தாள்[5] என்று ஓர் அணி, 3000இல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டிகள் 3000, 3004, 3008, 3012, 3016. தாள்[3] என்று எழுதும்போது கம்பைலர் அதை *(தாள் + 3) என்றுதான் எடுத்துக்கொள்கிறது. 3000லிருந்து மூன்று இன்ட் தள்ளிப் போனால் 3012. அணி ஏன் பூஜ்ஜியத்தில் தொடங்குகிறது என்பதும் இங்கேயே தெரிந்துவிடும். அடைப்புக்குள் போடும் எண் வரிசை எண் இல்லை, தொடக்கத்திலிருந்து எத்தனை பெட்டி தள்ளி என்பதுதான். முதல் பெட்டி பூஜ்ஜியம் பெட்டி தள்ளி இருக்கிறது.

தாள் + 3 என்று கூட்ட முடிகிறது என்றால், தாள் என்ற பெயரே முகவரியாகத்தானே நடந்துகொள்கிறது? ஆமாம். அணியின் பெயரைத் தனியாக எழுதினால் பெரும்பாலான இடங்களில் அது முதல் பெட்டியின் முகவரியாக மாறிவிடும். ஒருவரின் பெயர் என்பது எழுத்துகளின் அணி. ஆகவே ஸ்கேன்எஃப்புக்கு அணியின் பெயரைக் கொடுத்தாலே முகவரி போய்விடுகிறது. & வேண்டாம். அக்கா மகளின் கேள்விக்கு மீதிப் பாதி விடை இது. மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை, ஸ்கேன்எஃப்புக்கு இரண்டு இடத்திலும் வேண்டியது முகவரிதான்.

கூடவே ஒரு பழக்கம். 20 எழுத்து அணிக்குப் பெயர் வாங்கும்போது "%எஸ்" என்று விடாமல் "%19எஸ்" என்று எழுதுங்கள். முடிவைக் காட்டும் பூஜ்ஜியத்துக்கு ஓர் இடம் வேண்டும், மீதி 19. எல்லை சொல்லாவிட்டால் நீளமான பெயர் ஒன்று வந்து பக்கத்துப் பெட்டிகளையும் மிதித்துக்கொண்டு போகும்.

அணியும் பாயின்டரும் ஒன்றே என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். அணி என்பது ஐந்து பெட்டி, பாயின்டர் ஒரே பெட்டி. மெயினில் சைஸ்ஆஃப் தாள் என்று, அதாவது தாளுக்கு எத்தனை பைட் என்று கேட்டால் 20 வரும். அதே அணியை ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பி அங்கே கேட்டால் 8 வரும், ஏனென்றால் அங்கே போய்ச் சேர்ந்தது முகவரி மட்டும். எத்தனை பெட்டி என்ற தகவல் முகவரியோடு ஒட்டிக்கொண்டு போகாது. அதனால்தான் அணியை வாங்கும் ஃபங்ஷன்களுக்கு எண்ணிக்கையையும் தனியாகக் கொடுக்கிறோம்.

எண்ணிக்கை தவறினால்? தாள்[5] என்று எழுதினால் கம்பைலர் தடுக்கக் கடமைப்பட்டதில்லை. 3020க்குப் போய் அங்கே என்ன கிடக்கிறதோ அதை எடுத்துவரும். இது மாணவர்கள் மட்டும் செய்யும் தவறு இல்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் ஒரு புது அமைப்புக் கோப்பைப் படித்தபோது, 20 உள்ளீடுகள் மட்டுமே கொடுக்கப்பட்டிருந்த இடத்தில் 21ஆவதைப் படிக்கப் போனது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. இந்திய விமான நிலையங்களில் அன்று போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நீங்கள் நோட்டில் ஐந்து பெட்டி வரைந்துவிட்டு ஆறாவதில் விரலை வைத்தால் அதுவும் இதே பிழைதான்.

எதையும் காட்டாத பாயின்டர்

ஃபங்ஷனுக்குள் இன்ட் *சு; என்று மட்டும் எழுதி விட்டுவிட்டால் உள்ளே என்ன இருக்கும்? அந்த இடத்தில் முன்பு கிடந்த ஏதோ ஒன்று இருக்கும். அதை முகவரி என்று நம்பிப் போனால் எங்கே போய் நிற்போம் என்று சொல்ல முடியாது. காட்ட இன்னும் எதுவும் இல்லையென்றால் இன்ட் *சு = நல்; என்று வைத்துவிடுங்கள். நோட்டில் அந்தப் பெட்டிக்குள் ஒரு குறுக்குக் கோடு போடுங்கள், அம்பு கிடையாது. பயன்படுத்தும் முன் உள்ளே இருப்பது நல்தானா என்று பாருங்கள்.

இந்த நல் என்ற யோசனையை 1965இல் ஆல்கால் டபிள்யூ மொழியில் கொண்டுவந்தவர் டோனி ஹோர். பல ஆண்டுகள் கழித்து, 2009இல் லண்டனில் பேசும்போது, அதைத் தன் நூறு கோடி டாலர் தவறு என்று அவரே சொன்னார். சோதிக்க மறந்த நல் எத்தனை நிரல்களை வீழ்த்தியிருக்கிறது என்பதை நினைத்துச் சொன்னது அது. ஆனாலும் சி மொழியில், குப்பை முகவரியோடு ஒப்பிட்டால் நல் எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம். நல்லைத் தொட்டால் நிரல் பெரும்பாலும் அந்த இடத்திலேயே விழும், தேடிப் பிடிக்கலாம். குப்பை முகவரி வேறெதையோ கெடுத்துவிட்டு, சம்பந்தமில்லாத இடத்தில் ஒரு மணி நேரம் கழித்து விழும்.

வீடு போன பிறகும் கையில் இருக்கும் முகவரி

என் முதல் வேலையில் இது எனக்கு நடந்தது. ரசீது எண்ணை எழுத்தாக மாற்றிக் கொடுக்கும் ஒரு ஃபங்ஷன் எழுதினேன். உள்ளே ஓர் எழுத்து அணியை அறிவித்து, அதில் எண்ணை எழுதி, அணியின் முகவரியைத் திருப்பி அனுப்பினேன். என் கணினியில் சரியாக அச்சானது. சில வாரம் ஓடியது. பிறகு யாரோ நடுவில் ஒரு வரி சேர்த்தார்கள், வேறொரு ஃபங்ஷனை அழைக்கும் சாதாரண வரி. அன்றிலிருந்து ரசீதில் எண் இருக்க வேண்டிய இடத்தில் கோணல் எழுத்துகள். அந்த வரியைத்தான் இரண்டு நாள் துருவினேன். அதில் ஒரு குறையும் இல்லை, தவறு முதல் நாளிலிருந்தே என் ஃபங்ஷனில் இருந்தது.

ஃபங்ஷன் முடிந்ததும் அதன் பெட்டிகள் போய்விடும் என்று மாற்று ஃபங்ஷனில் பார்த்தோமே, அதேதான். அணி போய்விட்டது, முகவரி மட்டும் என் கையில். அந்த இடத்தை வேறு யாரும் எடுத்துக்கொள்ளாதவரை பழைய எழுத்துகள் அங்கேயே கிடந்தன. புது ஃபங்ஷன் வந்து அந்த இடத்தில் தன் பெட்டிகளைப் போட்டதும் எல்லாம் அழிந்தது. செருப்பு டோக்கன் ஞாபகம் இருக்கிறதா? 47ஆம் அறையில் இப்போது வேறு யாருடைய செருப்போ இருக்கிறது, டோக்கன் மட்டும் என் பையில்.

ஃபங்ஷன் முடிந்த பிறகும் வாழ வேண்டிய பெட்டி வேண்டுமென்றால் இரண்டு வழி உண்டு. அழைப்பவரே அணியை வைத்துக்கொண்டு முகவரியைக் கொடுக்கலாம், முடிந்தவரை இதையே செய்யுங்கள். இல்லையென்றால் நினைவகத்தில் இடம் ஒதுக்கித் தரும் மேலாக் என்ற ஃபங்ஷனிடம் கேட்க வேண்டும்.

இன்ட் *தாள் = மேலாக்(60 * சைஸ்ஆஃப் *தாள்);
இஃப் (தாள் == நல்) ரிட்டர்ன் 1;

60 இன்ட்டுக்கு இடம் கேட்கிறோம். கிடைத்தால் முகவரி வரும், கிடைக்காவிட்டால் நல் வரும். இந்தப் பெட்டிகளுக்குப் பெயர் கிடையாது, முகவரி ஒன்றுதான் வழி. அதனால் அந்த முகவரியைத் தொலைத்தால் இடம் போனது போனதுதான். யாரும் பயன்படுத்த முடியாமல், நிரல் முடியும்வரை அடைத்துக்கொண்டு கிடக்கும். இதைத்தான் மெமரி லீக் என்கிறார்கள். வேலை முடிந்ததும்:

ஃப்ரீ(தாள்);
தாள் = நல்;

ஃப்ரீ என்பது அறையைத்தான் காலி செய்கிறது. தாள் என்ற பாயின்டருக்குள் பழைய எண் அப்படியே இருக்கும், அதனால்தான் இரண்டாம் வரி. அதே முகவரியை வேறொரு பாயின்டரில் நகல் எடுத்து வைத்திருந்தால் அது இன்னும் பழைய இடத்தைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும். அதன் வழியாகப் போனாலும் தவறு, மறுபடி ஃப்ரீ செய்தாலும் தவறு. ஒவ்வொரு மேலாக் எழுதும்போதும் "இதை ஃப்ரீ செய்யும் பொறுப்பு யாருடையது?" என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். பெரிய நிரல்களில் என்னை அதிகம் காப்பாற்றிய பழக்கம் அதுதான்.

பாயின்டரைக் காட்டும் பாயின்டர் என்று கேட்டுப் பயப்படுகிறவர்கள் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. சு-வும் ஒரு பெட்டி, அதன் முகவரி 2000. அந்த 2000ஐ இன்னொரு பெட்டியில் வைத்தால் அதன் வகை இன்ட் **. ஒரு ஃபங்ஷன் உங்கள் இன்ட்டை மாற்ற வேண்டுமென்றால் இன்ட்டின் முகவரியைக் கொடுத்தீர்கள். உங்கள் பாயின்டரை மாற்ற வேண்டுமென்றால் பாயின்டரின் முகவரியைக் கொடுக்கிறீர்கள். பாயின்டரால் ஒன்றோடொன்று கோத்த கண்ணிகளின் வரிசைக்கு லிங்க்டு லிஸ்ட் என்று பெயர். அதன் தலையில் புதுக் கண்ணி சேர்க்கும்போது இது வரும். அப்போது இரண்டு அம்பு வரைந்தால் போதும்.

இனி கணினியைத் திறக்கலாம்

கம்பைல் செய்யும்போது முக்கியமான பல எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் "வால்" (-Wall) விருப்பத்தைப் போடுங்கள். ஸ்கேன்எஃப்பில் & விட்டுப்போனதை ஜிசிசி என்ற கம்பைலர் அதிலேயே சொல்லிவிடும், என்னை இரண்டு நாள் அலைக்கழித்த மாதிரியான தவறையும் பல நேரம் சொல்லிவிடும். எச்சரிக்கைதானே, பிழை இல்லையே என்று தாண்டிப் போகாதீர்கள். அடுத்து, அட்ரஸ் சானிடைசர் என்ற வசதி ஜிசிசியிலும் கிளாங் என்ற இன்னொரு கம்பைலரிலும் உண்டு. அதைப் போட்டு ஓட்டினால் எல்லை தாண்டிய இடம், ஃப்ரீ செய்த பின் தொட்ட இடம் போன்றவற்றைப் பெரும்பாலும் காட்டிவிடும். லினக்ஸ் இருந்தால், நினைவகத் தவறுகளைத் தேடிக் காட்டும் வால்கிரைண்ட் என்ற கருவியையும் பழகிக்கொள்ளுங்கள். பைத்தான் டியூட்டர் என்ற இணையதளம் பெயருக்குத்தான் பைத்தான், சி நிரலையும் வரி வரியாக ஓட்டி, நீங்கள் நோட்டில் போட்ட அதே பெட்டிகளையும் அம்புகளையும் திரையில் காட்டும். ஆனால் முதலில் நோட்டில் நீங்கள் போடுங்கள், பிறகு அதோடு ஒப்பிடுங்கள். வரிசையை மாற்றினால் பலன் பாதிதான்.

பழக மூன்று வேலை தருகிறேன். ஓர் அணியின் மிகப்பெரிய எண்ணையும் மிகச்சிறிய எண்ணையும் ஒரே ஃபங்ஷனில் கண்டுபிடித்து இரண்டையும் அழைத்தவரிடம் சேருங்கள். ரிட்டர்ன் ஒன்றைத்தான் தரும், மற்றதற்கு என்ன வழி என்று யோசியுங்கள். இரண்டாவது, ஓர் அணியை அடைப்புக்குறியே எழுதாமல் பாயின்டரை மட்டும் நகர்த்தித் தலைகீழாக்குங்கள். மூன்றாவது, அன்று இரவு சாப்பிட்ட பிறகு அக்கா மகளுக்குக் கொடுத்தது:

வாய்டு மார்க்_வாங்கு(இன்ட் *எங்கே)
{
    ஸ்கேன்எஃப்("%டி", எங்கே);
}

"இங்க எங்கே-க்கு முன்னாடி & போடணுமா, வேண்டாமா?" என்று கேட்டேன். அவள் நோட்டை எடுத்தாள், இரண்டு பெட்டி வரைந்தாள், கீழே முகவரி எழுதினாள். "வேண்டாம் மாமா. எங்கே-க்குள்ள இருக்கறதே முகவரிதானே" என்றாள்.

சரி, அங்கே & போட்டால் வாங்கிய எண் எந்தப் பெட்டிக்குள் போய் விழும்? அதை நீங்கள் வரைந்து பாருங்கள்.